குழந்தை வண்டியில் எட்டுக் கிலோ வால்வு

1

இது கதையாக ஆரம்பித்ததல்ல. நான் இருக்கும் பெற்றோர் குழுவில் புதன்கிழமை ஒருவர் கேட்டிருந்தார்: "தினமும் வெளியே போகவும் ஊருக்குப் போகவும் ஒரே குழந்தை வண்டி போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்." மூன்று வாரமாக அதே வேலையாக அலைந்தவன் நான். எனக்குத் தெரியாததா என்று வியாழக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இப்படி ஆரம்பித்தேன்:

"நல்ல வண்டிக்கு ஐந்து தகுதிகள். ஒன்று, மடக்கினால் தானாக நிற்க வேண்டும். சாய்த்து வைக்கச் சுவர் தேடக் கூடாது. இரண்டு, இருக்கை நன்றாகச் சாய வேண்டும். இல்லாவிட்டால் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கும். மூன்று, ஒரே ஆள்

அங்கே கை நின்றுவிட்டது. மூன்றாவது தகுதியை எழுத வேண்டுமானால் புதன்கிழமை மாலை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போனால் பதில் கதையாகிவிடுகிறது. ஆகிவிட்டது. கேட்டவர் மன்னிக்கவும். வண்டி பற்றிய விஷயங்களை நடுநடுவே போட்டிருக்கிறேன், பொறுக்கிக்கொள்ளுங்கள்.

2

ஆட்கள் மூன்று பேர்தான்.

நான்: வயது நாற்பத்தேழு. பம்ப் செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் என் மேசைக்கு இண்டென்ட் வந்தாக வேண்டும். இண்டென்ட் என்றால் தேவைப் படிவம். என்ன பொருள், எதற்கு, என்ன அளவு, எந்தத் தேதிக்குள். இருபத்திரண்டு வருடமாக இதைத் தவிர வேறெதையும் நான் ஊன்றிப் படித்ததில்லை.

மனைவி: பாலங்களைச் சோதிப்பவள். பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டுவாள். சத்தத்தைக் கேட்டு உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். குழந்தை பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

மூன்றாவது ஆள், எட்டு மாதம். பதினோரு வருடம் காத்திருந்து பெற்றவள். வீட்டில் மேனேஜர் என்று கூப்பிடுகிறோம். அவள் கண்ணைத் திறந்தால் நாங்கள் இருவரும் எழுந்து நிற்கிறோம், அதனால்.

(வர்ணனை போதுமா? கதை எழுதுகிறவர்கள் மூக்கு, முடி எல்லாம் எழுதுகிறார்கள். என் மனைவியின் மூக்கை நான் எழுதினால் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது.)

மாதத் தொடக்கத்தில் இவள், "ஒரு வண்டி வாங்கணுங்க" என்றாள். நான் ஆபீஸிலிருந்து ஒரு இண்டென்ட் படிவம் எடுத்து வந்தேன். சத்தியமாக.

"என்னங்க இது?"

"நிரப்பிக் குடு. அப்பதான் சரியான பொருள் வரும்."

"பொண்டாட்டி வண்டி கேட்டா படிவம் நீட்டுற புருஷன் உலகத்துல நீங்க ஒருத்தர்தான்."

"கையெழுத்து போட மறந்துடாத. திருப்பி அனுப்பிடுவேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரப்பித் தர இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். எட்டு வரி, இரண்டு நாள். ஒரு கதாசிரியன் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். நான் கொள்முதல்காரன், காத்திருந்தேன். வந்த படிவம் இது:

பொருள்: குழந்தை வண்டி, ஒன்று.
பயன்: தினமும் காலை, மாலை. மாதம் இரண்டு முறை விமானம்.
கையாள்பவர்: ஒருவர் மட்டும். உதவிக்கு ஆள் இருக்காது.
எடை: ஏழு கிலோவுக்குள்.
மடக்குவது: ஒரே கையால். இடது கை.
கைப்பிடி: உயரமாக, குனியாமல் தள்ளும்படி.
மடக்கிய அளவு: விமானத்தில் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் அடங்க வேண்டும்.
தேதி: அடுத்த மாதம் முதல் தேதிக்கு முன்.

எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுத்தமான இண்டென்டை என் சர்வீஸில் பார்த்ததில்லை. ஸ்டோர்ஸில் இருக்கும் அண்ணனிடம் காட்டினேன். "நம்ம இஞ்சினியருங்களுக்கு உங்க வீட்டம்மாவ வந்து பாடம் எடுக்கச் சொல்லுப்பா" என்றார். பெருமையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாதம் இரண்டு முறை விமானம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிறவரின் தேவையைக் கொள்முதல் பிரிவு கேள்வி கேட்காது. அது எங்கள் ஒழுங்கு.

3

புதன்கிழமை மதியம் கடைக்குப் போனேன். அதற்குள் எங்கள் கட்டட லிஃப்டின் கதவு அகலம், பஸ் படியின் உயரம், தெருமுனை நடைபாதையில் இருக்கும் பள்ளம், எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதியிருந்தேன். பாரம் ஏற்றிப் பார்ப்பதுதான் பாக்கி. குழந்தையைக் கூட்டிப் போனால் அழும், தூங்கும், சோதனை கெட்டுப்போகும். ஆகவே தொழிற்சாலையில் கழித்துப்போட்ட வால்வு ஒன்றை எடுத்துக்கொண்டேன். வார்ப்பிரும்பு. எட்டுக் கிலோ நூறு கிராம், மேனேஜரின் எடைதான். கடையில் யாரும் மிரளக் கூடாதே என்று பூப்போட்ட துண்டில் சுற்றினேன்.

அதுதான் தப்பு.

"ஐயோ, என்னமா தூங்குது!" என்று விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "பொண்ணா, பையனா சார்?"

"அது வந்து..."

துண்டை விலக்கிவிட்டாள்.

அந்த அலறலை எழுதிப் பார்த்தேன். "ஆ" என்று போட்டால் போதவில்லை, "ஆஆஆ" என்று போட்டால் விளையாட்டாக இருக்கிறது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள் என்று மட்டும் சொல்கிறேன். வாசலில் இருந்த காவலாளி உள்ளே ஓடி வந்தார்.

"என்ன சார் இது!"

"வால்வும்மா. லோடு டெஸ்டுக்கு."

"குழந்தை எங்க சார்?"

"வீட்ல."

"அதையே தூக்கிட்டு வந்திருக்கலாமே!"

"அழும்."

"இது அழாதுதான்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஆனால் நல்ல வேலைக்காரி. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்று வண்டிகளில் வால்வை ஏற்றிக் காட்டினாள். முதல் வண்டிக்குப் பெரிய சக்கரம், பள்ளத்தில் போட்டாலும் அலுங்கவில்லை. ஆனால் மடக்க இரண்டு கையும் ஒரு முழங்காலும் தேவைப்பட்டன. இரண்டாவது குடை மாதிரி மடங்கியது, எடையே இல்லை. ஆனால் இருக்கை சாயவில்லை, சின்னச் சக்கரம் தரையிலிருந்த இடுக்கில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது, ஒரு பொத்தானை அழுத்தியதும் மூன்றாக மடிந்து பெட்டி மாதிரி நின்றது. தோளில் மாட்ட வார் இருந்தது. கரடுமுரடான தரையில் மட்டும் முன்சக்கரம் கொஞ்சம் நடுங்கியது.

"எல்லாத்துக்கும் ஒரே வண்டின்னா எதையாவது கொஞ்சம் விட்டுக் குடுக்கணும் சார். யாரு ஓட்டப் போறாங்கன்னு தெரிஞ்சா சொல்லலாம்."

படிவத்தைக் கொடுத்தேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். குரல் இறங்கியது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது தனியா போற அம்மாங்க கேக்குறது மாதிரி இருக்கு. மேடம் குழந்தையத் தூக்கிட்டு எங்கயாவது போறாங்களா?"

(உண்மையைச் சொன்னால் அவள் இவ்வளவு நீளமாகப் பேசவில்லை. "மேடம் தனியாவா சார் போறாங்க?" என்று கேட்டுவிட்டு இருக்கையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துடைக்க ஆரம்பித்தாள். மீதியை நான் போட்டுக்கொண்டேன். ஆனால் என் தலையில் விழுந்த இடி அதே இடிதான்.)

4

தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் மட்டும். உதவிக்கு ஆள் இருக்காது. விமானம். முதல் தேதிக்கு முன். மூன்று வாரமாக மனப்பாடமாகத் தெரிந்த வரிகள். ஒன்றையாவது நான் படித்திருந்தேனா?

கடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பாதித் தெருவில் காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார்! சார்! உங்க குழந்தைய விட்டுட்டுப் போறீங்க!"

கையில் வால்வு.

பஸ்ஸில் ஒரு பெண் துண்டைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்துகொண்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் எழுதத் தெரியவில்லை. மூன்று முறை முயன்றேன்.

முதல் முயற்சி: "அவன் நெஞ்சு சுக்குநூறாகியது." அடித்துவிட்டேன். நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது: "யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் இருந்தன. பரணிலிருந்து பெட்டி கீழே வந்திருந்தது. வேலைக்குப் போடும் தலைக்கவசத்தைக் கழுவிக் காயவைத்திருந்தாள். என்னைக் கண்டதும் போனில் குரலைத் தாழ்த்தினாள்." இது துப்பறியும் கதை மாதிரி போகிறது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு துப்பறிந்தவனின் கதை.

மூன்றாவது: "பதினோரு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது என்னிடம் ஒரு வார்த்தை

மடியில் வால்வு கனத்தது. அதை மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

5

வீட்டில் இவள் மேனேஜருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கிடைச்சுதா?"

"நீ போகப் போறியா?"

கரண்டி நின்றது. மேனேஜர் வாயைத் திறந்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போகலாம்னு இருக்கேன்" என்றாள்.

"குழந்தையத் தூக்கிட்டு... எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"குழந்தையவா? குழந்தைய யாரு தூக்கிட்டுப் போறா? நான் மட்டும்தான் போறேன்."

"அப்ப வண்டி?"

"வண்டி உங்களுக்கு."

எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கு அது புரிந்துவிட்டது. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்ல இடது கைக்காரர் யாரு? நானா? நான் உங்க தோள் வரைக்கும்தான் வரேன். கைப்பிடி உயரமா வேணும்னு எனக்கா கேப்பேன்? மூணு வாரமா அந்தப் படிவத்தப் பையில வெச்சுக்கிட்டு அலையுறீங்க. ஒரு தடவகூட, இது யாருக்குன்னு தோணலயா?"

எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: "கையெழுத்துப் போட்டவர் வேற, மிஷினை ஓட்டப் போறவர் வேற. ஓட்டப் போறவரப் போய்ப் பாரு." இருபத்திரண்டு வருடத்தில் நான் ஓட்டுகிறவரைத் தேடிப் போகாமல் விட்ட ஒரே இண்டென்ட் இதுதான். தேடியிருந்தால் கண்ணாடி முன்னால் போய் நின்றிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஒரு மணி நேர விமானத் தொலைவில் ஒரு பெரிய பாலம். பத்து வாரச் சோதனை. அந்த வகைப் பாலத்தைத் தட்டிக் கேட்கத் தெரிந்தவர்கள் இவள் அலுவலகத்தில் இரண்டு பேர், இன்னொருவருக்கு முதுகில் அடி. முதல் தடவை கேட்டபோது முடியாது என்று சொல்லியிருக்கிறாள். மறுபடி கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவள் போனால், நான் தினமும் மேனேஜரைக் காலையில் காப்பகத்தில் விட்டு மாலையில் கூட்டி வர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விமானத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

"இத நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பாக்கலாம்னு..."

"அதான். குளியலறைக் குழாய் ரெண்டு வருஷமா உங்க பாக்கலாம்லதான் ஒழுகிட்டு இருக்கு."

மேனேஜரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"பாலத்துக்கிட்ட போய், உனக்கு விரிசல் இருக்கான்னு கேட்டா சொல்லுமா? தட்டித்தான் பாக்கணும். நீங்க படிவத்த நீட்டினீங்க. சரி, இதுலயே தட்டிப் பாப்போம்னு எழுதினேன்."

"என்ன சத்தம் வந்துச்சு?"

"சத்தமே வரல. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

இவள் என்னை விட்டுப் போகவில்லை என்ற நிம்மதி எனக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதற்குள் அடுத்த அதிர்ச்சி. நானா? தனியாகவா? மேனேஜரையா?

"முடியாதா என்ன?" என்றேன். குரல் எனக்கே அசலூர்க் குரலாகக் கேட்டது. "எனக்கு அவளத் தெரியாதா?"

"தெரியுமா? சொல்லுங்க. தூங்குறதுக்கு முன்னாடி எந்தக் காதைப் பிடிச்சுக்குவா?"

யோசித்தேன். "வலது."

"அவ காதையே பிடிக்க மாட்டா. உங்க சட்டைக் காலரத்தான் பிடிச்சுக்குவா. நீங்க வீட்ல இல்லாதப்ப உங்க சட்டை ஒண்ணக் குடுத்துத்தான் தூங்க வெக்கிறேன்."

மேனேஜர் மேசையைத் தட்டி மீதிச் சாப்பாட்டைக் கேட்டாள்.

6

மேலே உள்ளவற்றை வியாழன் மாலை இவளிடம் படிக்கக் கொடுத்தேன். கையில் பென்சிலோடு படித்தாள். அது நல்ல சகுனமல்ல.

"வால்வுக்கு ஒன்றரைப் பக்கம். எனக்கு நாலு வரி."

"அது சிரிப்பா இருக்கும்னு..."

"அந்தக் கடைக்காரப் பொண்ணு நெஞ்சப் பிடிச்சது தெரியுது. நான் மூணு வாரமா எப்படி இருந்தேன்னு எங்க இருக்கு? ராட்சசி மாதிரி இருக்கேன் இதுல."

"என்ன சேக்கணும், சொல்லு."

சொன்னாள். எழுதிக்கொண்டேன்.*

* அவள் சொன்னபடியே: "தலைக்கவசத்தக் கழுவிக் காயவெச்சேன். திரும்ப உள்ள வெச்சேன். மறுபடி எடுத்தேன். நாலு தடவ. பாப்பாவ விட்டுட்டு எப்படிப் போவேன்னு குளிக்கும்போது அழுதேன். ஆனா போகலன்னா நான் என்னன்னு எனக்கே மறந்துடும். ரெண்டும் உண்மை. ரெண்டையும் போடுங்க."

போட்டுவிட்டேன். இப்போது முடிவுக்கு வர வேண்டும். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முடிவு அ: கணவன், "போய்ட்டு வா" என்கிறான். விமான நிலையம். குழந்தை கையாட்டுகிறது. அவன் வண்டியை ஒரே கையால் டக்கென்று மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான்.

இவள் ஓரத்தில் எழுதியது: "மொதல் தடவ விரல் மாட்டும். டக்குனு எல்லாம் மடங்காது."

முடிவு ஆ: பெட்டியைத் தூக்கும்போது குழந்தை முதன்முதலாக "அம்மா" என்கிறது. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிடுகிறாள்.

இதற்கு இவள் எதுவும் எழுதவில்லை. தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். கடையில் கேட்டது, பஸ்ஸில் நினைத்தது எல்லாவற்றையும்விட அந்தத் தள்ளல்தான் என்னை உலுக்கியது. இந்த முடிவை எழுதும்போது எனக்கு இனிப்பாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிவு இ: அவள் போகிறாள். மூன்றாவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். அவனால் சமாளிக்க முடியவில்லை. போன் செய்து அழுகிறான். வேலையைப் பாதியில் விட்டு வந்துவிடுகிறாள்.

"இதுதான உங்க மனசுல ஓடுது?" என்றாள்.

"கதைதானே..."

"கதைதான். அதுலகூட உங்களால காய்ச்சலுக்கு மருந்து குடுக்க முடியலயா? டாக்டர் தெரு முனையில இருக்காருங்க. லிஃப்ட் கதவ அளந்தீங்களே, அவர் வீட்டு வாசல் அதுலேர்ந்து இருநூறு அடி."

வாசகர்களே, மூன்றாவது முடிவிலிருக்கும் அந்த ஆளைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். யார் இவன்? இருபத்திரண்டு வருடமாக ஒரு தொழிற்சாலைக்கு ஒரு நாள்கூட உதிரி பாகத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொண்டவன், எட்டுக் கிலோவை வைத்துக்கொண்டு எதற்கு அழுகிறான்? இவனை எழுதியது யார்? அடித்து எழுதப் பார்த்தேன். முடியவில்லை. அவனுக்கு என் கையெழுத்து.

7

வெள்ளிக்கிழமை. பதினொன்று நாற்பது. இன்றும் லீவு.

மேனேஜர் உள்ளறையில் தூங்குகிறாள். இவள் போனை வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்து நிற்கிறாள்.

"எழுதி முடிச்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம். முடிவு சரியா அமையல."

"கதையா எழுதுறீங்க? ரெண்டு நாளா நேரத்தக் கடத்துறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. குழுவில் வண்டி கேட்டவர் இந்நேரம் வாங்கி ஓட்டிக்கொண்டுகூட இருப்பார். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் வரை என்னை யாரும் பதில் கேட்க முடியாது என்று இரண்டு நாளாக எனக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. வால்வைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியதும் இதற்குத்தான் போலிருக்கிறது. சிரிக்க வைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமை மதியத்தைத் தாண்டிவிடலாம் என்று.

[இங்கே ஆண்களைப் பற்றிப் பொதுவாக ஒரு பத்தி இருந்தது. அதுவும் நேரம் கடத்தல்தான். எடுத்துவிட்டேன்.]

பதினொன்று ஐம்பது.

"நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?" என்கிறாள். கோபமாக இல்லை. பாலத்தடியில் காதை வைத்துக் கேட்பாளே, அப்படி நிற்கிறாள்.

உள்ளே மேனேஜர் விழித்துக்கொண்டாள். முதலில் சிணுங்கல். இப்போது அழுகை. வழக்கமாக இவள்தான் முதலில் ஓடுவாள். இன்று கதவை விட்டு அசையவில்லை. என்னையே பார்க்கிறாள். போனில் எண் தயாராக இருக்கிறது, விரல் அதன் மேலேயே நிற்கிறது.

முடிவைக் கேட்காதீர்கள். அந்த மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை நான்காவது ஒன்றை நீங்களே எழுதுங்கள். எனக்கு நேரமில்லை. குழந்தையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். ஒன்று இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, பேனாவைக் கீழே